புது சிஸ்டத்தில் முதல் வாரம்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்க

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அம்மாவின் லேப்டாப் 2016இல் வாங்கியது, ஆறாம் தலைமுறை இன்டெல் சில்லு, 8 ஜிபி நினைவகம். விண்டோஸ் 11 இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்ளும் என்பதால் அதற்குப் போக வழியில்லை, ஆனால் பெட்டி நன்றாகத்தான் ஓடுகிறது, திரையில் ஒரு கீறல் கிடையாது. தூக்கிப்போட மனம் வரவில்லை. விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் 22.1 என்ற சிஸ்டத்தை, அதன் சின்னமன் பதிப்பைப் போட்டுக் கொடுத்தேன். அது உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸை அடித்தளமாகக் கொண்டது, 2029 வரை புதுப்பிப்பு வரும்.

அதைப் பார்த்து இங்கே சிங்கப்பூரில் எங்கள் மாடியில் இருக்கும் ஆண்ட்டி, ஒன்பதாம் மாடி மாமா, உட்லண்ட்ஸில் இருக்கும் அத்தை மகள் என்று இதுவரை ஐந்து பெட்டிகளை மாற்றியாகிவிட்டது. ஐந்து பேரும் வாட்ஸ்அப்பில் கேட்ட கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றில் உண்மையிலேயே வன்பொருள் சம்பந்தப்பட்டது ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் பத்து வருஷமாக விண்டோஸில் பழகிய கை, அல்லது நிறுவும்போது கவனிக்காமல் விட்ட ஒரு அமைப்பு. அதனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: எது நடந்தாலும் உடனே அழித்துவிட்டு மறுபடி நிறுவாதீர்கள். மறுபடி நிறுவினால் கையும் அதே கை, அமைப்பும் அதே அமைப்பு, திங்கட்கிழமை அதே கோளாறு திரும்ப வந்து நிற்கும். கீழே உங்கள் அறிகுறி எது என்று பாருங்கள்.

இன்னொன்று. பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளி மூலம் வாங்கிய கற்றல் சாதனத்தில் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். அதில் பள்ளியின் நிர்வாக மென்பொருள் இருக்கும், அதை அழிக்கக் கூடாது. இது நமக்கே சொந்தமான பழைய பெட்டிகளுக்கு மட்டும்.

"தம்ப் டிரைவுல எல்லாத்தையும் அழிச்சிட்டேன், இன்னும் இடமில்லன்னு சொல்லுது"

அம்மாவின் முதல் புகார் இதுதான். 16 ஜிபி தம்ப் டிரைவ், தைப்பூசத்தன்று எடுத்த வீடியோக்கள் நிறைய இருந்தன, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து டெலீட் அழுத்தியிருக்கிறார். திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. புதுப் படத்தைப் போடப் போனால் இடமில்லை.

நடந்தது இதுதான். விண்டோஸில் தம்ப் டிரைவிலிருந்து அழித்தால் கோப்பு பெரும்பாலும் நேராகப் போய்விடும். இங்கே அப்படியில்லை. தம்ப் டிரைவுக்குள்ளேயே ஒரு மறைந்த குப்பைத்தொட்டி உருவாகி, அழித்ததெல்லாம் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். கோப்பு மேலாளரில் கண்ட்ரோலையும் ஹெச்சையும் சேர்த்து அழுத்துங்கள், மறைந்தவை தெரியும். புள்ளியில் தொடங்கி 'டிராஷ்' என்று பெயரும் பின்னால் 1000 என்ற எண்ணும் கொண்ட ஒரு கோப்புறை இருக்கும். 1000 என்பது அந்தக் கணினியில் முதலில் உருவாக்கிய பயனரின் எண், அதாவது உங்களுடையது. அதற்குள் பார்த்தால் காவடி வீடியோ பன்னிரண்டும் பத்திரமாக இருந்தன.

சரிசெய்ய: தம்ப் டிரைவ் செருகியிருக்கும்போதே இடப்பக்கப் பட்டியலில் உள்ள டிராஷில் வலது கிளிக் செய்து காலி செய்யுங்கள். பிடுங்கிவிட்டுக் காலி செய்தால் அதில் உள்ளது போகாது. நேராக அழித்தே ஆக வேண்டும் என்றால் ஷிஃப்டோடு சேர்த்து டெலீட் அழுத்தலாம், ஆனால் அதற்குப் பிறகு மீட்க முடியாது, அதனால் அம்மாவுக்கு நான் அதைச் சொல்லித்தரவில்லை. அன்றைக்கு அந்தப் பன்னிரண்டு வீடியோவும் திரும்பக் கிடைத்ததே அவர் ஷிஃப்டைத் தொடாததால்தான்.

"காப்பி முடிஞ்சுதுன்னு காட்டுச்சு, அங்க போய்ப் போட்டா பாதியில நிக்குது"

மேலே சொன்னதை விட இது முக்கியம், ஏனென்றால் இதில் கோப்பே கெட்டுப்போகும்.

பெரிய கோப்பைத் தம்ப் டிரைவுக்கு அனுப்பும்போது கவனியுங்கள். முன்னேற்றப் பட்டை முதலில் குடுகுடுவென்று ஓடும், கடைசியில் வந்து நின்றுவிடும், சில நேரம் பட்டையே மறைந்துவிடும். மனசு முடிந்துவிட்டது என்று சொல்லும். முடியவில்லை. சிஸ்டம் கோப்பை முதலில் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, பின்னால் மெதுவாகத் தம்ப் டிரைவில் எழுதுகிறது. மலிவான தம்ப் டிரைவ் என்றால் எழுதும் வேகம் ரொம்பக் குறைவு, 3 ஜிபி வீடியோவுக்குப் பல நிமிடம் பிடிக்கும். அந்த நேரத்தில் பிடுங்கினால் பாதிதான் போயிருக்கும்.

ஒன்பதாம் மாடி மாமா தன் மகளின் நிச்சயதார்த்த வீடியோவைப் பெரிய திரையில் போட எடுத்துக்கொண்டு போனார். பட்டை மறைந்ததும் பிடுங்கிப் பையில் போட்டுவிட்டார். அங்கே போய்ச் செருகினால் மோதிரம் மாற்றும் இடம் வருமுன் படம் உறைந்துவிட்டது. உறவுக்காரர்கள் முப்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாலே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் நான்தான் இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

வழி எளிது. கோப்பு மேலாளரின் இடப்பக்கத்தில் தம்ப் டிரைவ் பெயருக்குப் பக்கத்தில் மேல்நோக்கிய சிறு அம்புக்குறி இருக்கும். அதை அழுத்துங்கள். இன்னும் எழுத வேண்டியது மிச்சம் இருந்தால், எழுதிக்கொண்டிருக்கிறேன், பிடுங்காதே என்று ஒரு அறிவிப்பு வரும். முடிந்ததும் எடுக்கலாம் என்று சொல்லும். அதற்குப் பிறகுதான் கை போக வேண்டும். விண்டோஸில் நம்மில் பலர் இதைச் செய்ததே இல்லை, அங்கே தம்ப் டிரைவுக்கு இயல்பாகவே வேறு அமைப்பு இருந்ததால் தப்பித்துக்கொண்டிருந்தோம்.

இதோடு ஒட்டிய இன்னொரு அறிகுறி: 'கோப்பு மிகப் பெரியது' என்று மறுத்தால், இடம் இருந்தாலும் போகாது. அந்தத் தம்ப் டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்கும், அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு வைக்க முடியாது. உள்ளே இருப்பதை வேறெங்காவது எடுத்துவைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். விண்டோஸும் படிக்கும், மேக்கும் படிக்கும், இப்போதுள்ள தொலைக்காட்சிகளில் பலவும் படிக்கும்.

"விண்டோஸுக்குத் திரும்பிப் போனா மணி தப்பாக் காட்டுது"

இரண்டு சிஸ்டத்தையும் ஒரே பெட்டியில் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் வரும். எவ்வளவு தப்பு என்று பாருங்கள். சரியாக எட்டு மணி நேரமா? அப்படியென்றால் பேட்டரி போய்விட்டது என்று சொல்லி யாராவது மதர்போர்டைத் திறக்க வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கணினிக்குள் ஒரு சின்னக் கடிகாரம் இருக்கிறது, மின்சாரம் இல்லாதபோதும் ஓடும். லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை வைத்துவிட்டு, காட்டும்போது நம் ஊருக்கான எட்டு மணி நேரத்தைக் கூட்டிக் காட்டும். விண்டோஸ் அதே கடிகாரத்தில் உள்ளூர் நேரம்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே மாலை 3 மணிக்கு லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் அது காலை 7 என்று காட்டும். விண்டோஸ் இணையத்தைப் பார்த்துத் திருத்திக்கொண்ட பிறகு நீங்கள் லினக்ஸுக்கு வந்தால், அது இன்னொரு எட்டைக் கூட்டி இரவு 11 என்று காட்டும். இணையத்தோடு ஒத்துப்பார்த்துத் தானாகச் சரியாகும் வரை இப்படித்தான். லண்டனில் இருப்பவர்களுக்குக் குளிர்காலத்தில் இந்தக் கோளாறு கண்ணில் படவே படாது. நமக்கு எட்டு மணி நேரம் என்பதால் நன்றாகத் தெரியும். (1982 ஜனவரி 1ஆம் தேதி சிங்கப்பூர் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கும் வரை இது ஏழரை மணி நேரமாக இருந்தது. ஒன்பதாம் மாடி மாமாவுக்கு அந்த நாள் நினைவிருக்கிறதாம்.)

சரிசெய்ய லினக்ஸை விண்டோஸ் வழிக்குக் கொண்டுவருவதுதான் சுலபம். மெனுவில் டெர்மினலை, அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தைத் திறந்து 'டைம்டேட்சிடிஎல்' என்ற கட்டளை, ஒரு இடைவெளி, 'செட்-லோக்கல்-ஆர்டிசி' சிறுகோடுகளோடு, இன்னொரு இடைவெளி, 1 (timedatectl set-local-rtc 1). கடவுச்சொல் கேட்கும், கொடுத்தால் முடிந்தது. கடிகாரத்தைக் கையால் திருப்பித் திருப்பி வைப்பதால் ஒரு பயனும் இல்லை, அடுத்த முறை மாறும்போது மறுபடி தப்பும்.

"பிரிண்டர் விளக்கு மினுக்குது, பேப்பர் இருக்கு, ஆனா அடிக்க மாட்டேங்குது"

பேப்பர் இருக்கிறது, மை இருக்கிறது, கணினியும் பிரிண்டரைக் கண்டுபிடித்துவிட்டது. (இப்போதெல்லாம் வைஃபை பிரிண்டர்களுக்குத் தனியாக டிரைவர் போட வேண்டியதில்லை, அதே வைஃபையில் இருந்தால் பெரும்பாலும் தானாக வந்து நிற்கும்.) ஆனாலும் விளக்கு மினுக்குகிறது. அல்லது அச்சாகிறது, கீழே இரண்டு வரி காணாமல் போகிறது.

திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். மாதம் முதலிலும் நாள் அடுத்தும் வருகிறதா? அப்படியென்றால் நிறுவும்போது மொழியைக் கேட்ட இடத்தில் 'இங்கிலீஷ்' என்று முதலில் இருந்ததை அழுத்திவிட்டுப் போயிருக்கிறீர்கள், அது அமெரிக்க இங்கிலீஷ். தேதி மட்டும் மாறினால் பரவாயில்லை, தாள் அளவும் கூடவே மாறிவிடும். அமெரிக்க லெட்டர் தாள் 216க்கு 279 மில்லிமீட்டர், நாம் ஃபேர்பிரைசில் வாங்கி அடுக்கி வைத்திருக்கும் ஏ4 தாள் 210க்கு 297. பிரிண்டர் தன்னிடம் இல்லாத தாளைக் கேட்டு மினுக்கிக்கொண்டிருக்கிறது, பாவம்.

'லாங்குவேஜஸ்' என்ற அமைப்பைத் திறந்து, மொழிக்கும் பிராந்தியத்துக்கும் 'இங்கிலீஷ், சிங்கப்பூர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள், சிஸ்டம் முழுக்கப் பொருந்தும்படி அதை அழுத்திவிட்டு வெளியேறி உள்ளே வாருங்கள். பட்டியலில் சிங்கப்பூர் இல்லையென்றால் அங்கேயே மொழிகளைச் சேர்க்கும் பொத்தான் இருக்கிறது. பிரிண்டர் அமைப்பிலும் இயல்பான தாள் ஏ4தானா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே எழுதிவைத்த கடிதங்கள் தானாக மாறாது, லிப்ரே ஆஃபிஸில் (இங்கே வேர்டுக்குப் பதிலாக இருப்பது) ஒவ்வொன்றையும் திறந்து பக்க அமைப்பில் ஏ4 ஆக்க வேண்டும். இதற்கு ஆண்ட்டி வீட்டில் நான் இரண்டு மணி நேரம் பிரிண்டரோடு மல்லுக்கட்டினேன், தேதியைப் பார்க்கத் தோன்றவில்லை.

"தமிழ்ல எழுத முடியல"

இதைத்தான் நிறைய பேர் கேட்கிறார்கள், எனக்கும் இதில்தான் அக்கறை அதிகம். தமிழில் எழுத முடியாத கணினி நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பாதிக் கணினிதான்.

அறிகுறி இரண்டு வகை. முதல் வகை: 'கீபோர்டு' அமைப்பில் தமிழ்நெட்99 என்று ஒரு தளக்கோலம் (எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற அமைப்பு) கண்ணில் படுகிறது, சேர்த்தாயிற்று, தமிழ் எழுத்தும் வருகிறது, ஆனால் சொல் கூடவில்லை. தமிழ்99 பழகியவர்கள் 'அம்மா' என்று எழுத ஏ, கே, கே, கியூ என்ற நான்கு விசைகளைத் தட்டுவார்கள், அதாவது அ, ம, ம, ஆ. முதல் 'ம' மேல் புள்ளி தானாக விழ வேண்டும், கடைசி 'ஆ' காலாக மாற வேண்டும். அந்த இடத்தில் சேர்த்த தளக்கோலம் ஒரு விசைக்கு ஒரு குறியை அப்படியே தள்ளும், முன்னால் என்ன எழுத்து இருந்தது என்று பார்க்காது. அதனால் புள்ளி தானாக விழாது. அதை நீக்கிவிடுங்கள், உங்கள் விரலில் தப்பில்லை.

வேண்டியது ஐபஸ் (ibus), விசைகளைத் தமிழாகக் கூட்டித்தரும் நிரல். சாஃப்ட்வேர் மேனேஜரில் 'ஐபஸ்' என்று தேடி, பெயரில் 'எம்17என்' என்று வரும் பொதியை நிறுவுங்கள். பிறகு மெனுவில் 'இன்புட் மெதட்' என்பதைத் திறந்து ஐபஸைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம், இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள், வெளியேறி மறுபடி உள்ளே வர வேண்டும். வராமல் எவ்வளவு தேடினாலும் ஒன்றும் நடக்காது. வந்தபின் ஐபஸ் விருப்பங்களைத் திறந்து, சேர்க்கும் பொத்தானை அழுத்தி, தமிழ், அதற்குள் தமிழ்99. விண்டோஸ் சின்னம் போட்ட விசைக்கு இங்கே சூப்பர் என்று பெயர், அதையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும்.

அஞ்சல் முறையில் ஆங்கில ஒலிப்படி எழுதிப் பழகியவர்கள் அதே பட்டியலில் ஃபொனெட்டிக் என்பதை எடுங்கள், ஒன்றிரண்டு எழுத்துக்கு விசை மாறலாம், இரண்டு நாளில் பழகிவிடும். எதுவுமே இன்னும் பழகாதவர்கள் தமிழ்99லேயே தொடங்குங்கள் என்பேன். இடது கைக்கு உயிர், வலது கைக்குப் பெரும்பாலும் மெய், தட்டல்களும் குறைவு. நம் ஊர்த் தமிழ்க் கணினி முன்னோடி நா. கோவிந்தசாமி முன்னின்ற தமிழ்நெட் மாநாடு 1997இல் இங்கேதான் நடந்தது, இரண்டு ஆண்டு கழித்துச் சென்னை மாநாட்டையொட்டி இந்தத் தளக்கோலம் தரமாக வந்தது. நம் வீட்டு மேசையில் அது ஓடுவதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

இரண்டாம் வகை: தட்டச்சு வேலை செய்கிறது, ஆனால் ஒரு குறிப்பிட்ட நிரலில் மட்டும் தமிழ் வரவில்லை. அந்த நிரல் ஐபஸைப் போடுவதற்கு முன்பே திறந்திருந்ததா என்று பாருங்கள். மூடித் திறங்கள். பெரும்பாலும் அவ்வளவுதான்.

"எழுத்து அளவை மாத்தினா இங்கிலீஷ் மட்டும் பெருசாகுது"

லிப்ரே ஆஃபிஸ் தமிழை ஆங்கிலத்தோடு ஒரே கணக்கில் வைப்பதில்லை. தமிழ், இந்தி, அரபு எல்லாம் சிக்கலான எழுத்தமைப்பு என்ற தனிப் பிரிவில் வருகின்றன, அந்தப் பிரிவுக்கு எழுத்துருவும் அளவும் தனி. நீங்கள் பாணியில் போய் அளவை 14 ஆக்கினால் அது மேலே உள்ள ஆங்கிலப் பெட்டிக்கு மட்டும் போகும். விருப்பங்களில் மொழிகள் பகுதிக்குப் போய் சிக்கலான எழுத்தமைப்பு என்பதற்கு டிக் போட்டு, மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். அதற்குப் பிறகு எழுத்து அமைப்பில் இரண்டாவது பெட்டி ஒன்று தெரியும், தமிழுக்கான அளவை அங்கே மாற்றுங்கள்.

பழைய கோப்பைத் திறந்தால் தமிழே இல்லாமல் ஆங்கில எழுத்தாகக் கொட்டுகிறதா? தலைப்பில் 'தமிழ்' இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி என்று இருந்தால் அது பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு. அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் உருவத்தை மாட்டிவிட்டன, எழுத்துரு இல்லாத கணினியில் உள்ளே இருக்கும் ஆங்கிலம் வெளியே தெரிகிறது. கோப்பு கெடவில்லை. பாமினியிலிருந்து, இப்போது எல்லாக் கணினியிலும் தெரியும் யூனிகோடுக்கு மாற்றித்தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன, உரையை எடுத்து ஒட்டி மாற்றிக்கொள்ளுங்கள். கோயில், சங்கம் என்று பொறுப்பில் இருப்பவர்களிடம் இப்படிப்பட்ட கோப்புகள் நிறைய இருக்கும், பழைய அறிக்கைகள், உறுப்பினர் பட்டியல்கள். அந்த எழுத்துருவின் பெயர் நினைவிருக்கும் ஆட்கள் இருக்கும்போதே மாற்றி வைத்துவிடுவது நல்லது.

"டவுன்லோட் பண்ணினேன், ரெண்டு தடவை கிளிக் பண்ணினேன், ஒண்ணும் வரல"

கோப்பின் பெயர் புள்ளி ஈஎக்ஸ்ஈ என்று முடிகிறதா? அது விண்டோஸுக்கானது, இங்கே ஓடாது. ஓடாததே நல்லது. இங்கே நிரல் வேண்டுமென்றால் இணையத்தில் தேட வேண்டாம், மெனுவில் சாஃப்ட்வேர் மேனேஜரைத் திறந்து அங்கே தேடுங்கள், கைப்பேசியில் செயலி எடுப்பது போலத்தான். முன்பு எதற்கெடுத்தாலும் தேடி, மூன்று பச்சைப் பொத்தான்களில் எது உண்மையான டவுன்லோட் என்று திணறிய அம்மாவுக்கு இந்த மாற்றம்தான் முதலில் பிடித்தது.

சிங்பாஸ் (அரசுச் சேவைகளுக்குள் நுழையும் கணக்கு), மசேநிதி (மத்திய சேம நிதி), வங்கி எல்லாம் என்ன ஆகும் என்று கேட்பார்கள். அவை உலாவியில் ஓடுபவை, கைப்பேசியில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து உள்ளே போவது முன்பு போலவேதான்.

"நான் எழுதாத வரி கடிதத்துல தானா வந்திருக்கு"

ஆண்ட்டி நகர மன்றத்துக்கு நடைபாதை விளக்கு பற்றி ஒரு கடிதம் எழுதினார். நடுவில் 'இரண்டு தேக்கரண்டி சோம்பைப் பொடித்து' என்று ஒரு வரி. வைரஸ் என்று பயந்துபோய் கணினியை அணைத்துவிட்டார்.

வைரஸ் இல்லை. லினக்ஸில் ஒட்டும் பலகை இரண்டு இருக்கிறது. ஒன்று நமக்குத் தெரிந்த கண்ட்ரோல் சி, கண்ட்ரோல் வி. இன்னொன்று சத்தமில்லாதது: எந்த வரியையாவது மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்தாலே அது அதில் ஏறிவிடும், மவுஸின் நடுச் சக்கரத்தை அழுத்தினால் அம்பு நிற்கும் இடத்தில் ஒட்டிவிடும். டச்பேடில் மூன்று விரலால் தட்டினாலும் நடுப் பொத்தான் கணக்குதான். ஆண்ட்டி முன்பே ஒரு சமையல் குறிப்பில் அந்த வரியைத் தேர்ந்தெடுத்துப் படித்திருக்கிறார், பிறகு கடிதத்தை நகர்த்தச் சக்கரத்தை உருட்டும்போது கொஞ்சம் அழுத்திவிட்டார்.

கண்ட்ரோல் இசட் அடித்தால் போய்விடும். சக்கரம் இறுக்கமாக உள்ள மவுஸ் என்றால் மாற்றிப் பாருங்கள். ஆனால் அவசரப்பட்டு வெறுத்துவிடாதீர்கள், பழகியபின் இதைப் போல வசதி வேறில்லை. எனக்கு இப்போது விண்டோஸில் உட்கார்ந்தால் கை தானாகச் சக்கரத்தைத் தேடுகிறது.

டெர்மினலில் கடவுச்சொல் அடித்தால் ஒன்றும் தெரியவில்லை

தெரியாது. நட்சத்திரக் குறி கூட வராமல் இருக்கலாம். அடித்து முடித்து என்டர் அழுத்துங்கள். அங்கே நகலெடுக்க, ஒட்ட, கண்ட்ரோலோடு ஷிஃப்டும் சேர்க்க வேண்டும். வெறும் கண்ட்ரோல் சி அடித்தால் ஓடிக்கொண்டிருக்கும் வேலை நின்றுவிடும்.

உலாவியைத் திறந்தால் சாவிக்கொத்துக் கடவுச்சொல் கேட்கிறது

கணினி திறந்ததும் கடவுச்சொல் கேட்காமல் நேராக உள்ளே போகும்படி வைத்திருக்கிறீர்களா? உங்கள் சேமித்த கடவுச்சொற்களைப் பூட்டி வைத்திருக்கும் பெட்டிக்குத்தான் சாவிக்கொத்து என்று பெயர், அது நீங்கள் உள்ளே நுழையும்போது அடிக்கும் கடவுச்சொல்லால்தான் திறக்கிறது. அதை அடிக்காமல் வந்தால் உலாவி தனியாகக் கேட்கும். 'லாகின் விண்டோ' அமைப்பில் தானாக நுழையும் பெயரை அழித்துவிடுங்கள். ஒருமுறை வாசலில் அடித்தால் போதும், உள்ளே யாரும் கேட்க மாட்டார்கள்.

விண்டோஸ் இருக்கும் பகுதியைத் திறக்க முடிகிறது, அதில் சேமிக்க முடியவில்லை

இரண்டு சிஸ்டம் வைத்திருப்பவர்களுக்கு. விண்டோஸை 'ஷட் டவுன்' செய்தாலும் அது முழுதாகத் தூங்குவதில்லை, அடுத்த முறை சீக்கிரம் எழுந்திருக்க ஒரு பகுதியை அரைத்தூக்கத்தில் வைத்துவிடும். அந்த நிலையில் லினக்ஸ் அதில் கைவைத்தால் கோப்புகள் கெடும் என்பதால் படிக்க மட்டும் விடுகிறது. விண்டோஸுக்குப் போய் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்பதை அணைத்துவிட்டு மறுபடி மூடுங்கள். வலுக்கட்டாயமாக எழுதவைக்கும் வழிகளை யாராவது சொல்லித்தந்தால் கேட்காதீர்கள்.

வைஃபை பட்டியலே இல்லை

நான் சொன்ன அந்த ஒரே வன்பொருள் கோளாறு இதுதான், அத்தை மகள் பெட்டியில் வந்தது. சில வைஃபை சில்லுகளுக்கான இயக்கி (டிரைவர்) நிறுவும் கோப்பில் சேர்ந்து வருவதில்லை. இயக்கியை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு இயக்கி வேண்டும் என்று சுற்றிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசியை சார்ஜ் செய்யும் கேபிளால் லேப்டாப்போடு இணைத்து, கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் அமைப்பில் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதைப் போடுங்கள். லேப்டாப் அதைக் கம்பி இணைப்பு என்றே நினைத்துக்கொள்ளும். பிறகு 'டிரைவர் மேனேஜர்', அது எந்த இயக்கி வேண்டுமென்று தானே சொல்லும், நிறுவி ஒருமுறை அணைத்துத் திறந்தால் வைஃபை வரும். நிறுவுவதற்கு முன்னாலேயே தம்ப் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கும்போது வைஃபை வருகிறதா என்று பார்த்திருந்தால் இது அன்றே தெரிந்திருக்கும். அடுத்த பெட்டியிலிருந்து அப்படித்தான் செய்கிறேன்.

கருந்திரை, உள்ளேயே போகவில்லை

இது இன்னும் எங்கள் ஐந்து பெட்டிகளில் எதற்கும் வரவில்லை. ஆனால் ஒன்பதாம் மாடி மாமாவின் பெட்டியில் வேண்டுமென்றே பழக்கிப் பார்த்தோம், ஏனென்றால் வந்தபிறகு கற்றுக்கொள்ள முடியாது.

முன்தயாரிப்பு: நிறுவிய அன்றே 'டைம்ஷிஃப்ட்' என்ற நிரலைத் திறந்து, வாரம் ஒரு நகல், இரண்டு மட்டும் வைத்திரு என்று சொல்லிவிடுங்கள். அது சிஸ்டத்தை மட்டும்தான் நகலெடுக்கும், உங்கள் படங்களையும் கடிதங்களையும் அல்ல. அவற்றுக்கு வெளியே ஒரு டிரைவ் தனியாக வேண்டும், இதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது, எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

புதுப்பிப்புக்குப் பிறகு திரை கறுப்பாக நின்றால், முதலில் நிறுவப் பயன்படுத்திய அதே தம்ப் டிரைவைச் செருகி அதிலிருந்து கணினியைத் திறங்கள். மேசைத்திரை வரும், மெனுவில் டைம்ஷிஃப்ட் அங்கேயும் இருக்கும். கணினியின் வட்டைக் காட்டினால் பழைய நகல்களின் தேதிப் பட்டியல் வரும். கோளாறு வருவதற்கு முந்தைய தேதியைத் தேர்ந்தெடுத்து மீட்டமைக்கும் பொத்தானை அழுத்துங்கள். எங்கள் ஒத்திகைக்கு ஒரு தேநீர் குடிக்கும் நேரம்தான் ஆனது, மாமாவே எல்லாவற்றையும் செய்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அந்தத் தம்ப் டிரைவைப் படம் போட எடுத்துவிடாதீர்கள். அம்மா தன்னுடையதற்கு ஒரு வெள்ளைத் தாளைச் சுற்றி, 'கணினி மருந்து, யாரும் தொடாதே' என்று பேனாவால் எழுதி, பாஸ்போர்ட்கள் இருக்கும் இழுப்பறையில் வைத்திருக்கிறார்.